வெறும் போத்தலைக் கொண்டு வாங்கோ

போத்தலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோக முன்னமே அவர் கண்ணை மூடிவிடுவார். கோயிலில் கற்பூரத் தட்டு வரும்போது சிலர் மூடுவார்களே, அப்படி. ஒரே ஒரு மூச்சு. பிறகு கண்ணைத் திறந்து போத்தலின் சொந்தக்காரரை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வைக்கே நெடுங்கேணிக் கிழவர்களில் பாதிப்பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள்.

எங்கள் டிஸ்பென்சரியில் அவருக்குப் போத்தல் கழுவுகிற வேலை. அவ்வளவுதான். மருந்துக்குப் போகிறவர் தன் போத்தலைத் தானே கொண்டுபோக வேண்டும். சாராயப் போத்தலோ நல்லெண்ணெய்ப் போத்தலோ பன்னீர்ப் போத்தலோ, எதுவும் சரி. பின்பக்கக் கிணற்றடியில் அவர் அதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அப்போதிக்கரி கலவையை நிரப்புவார். அவர்தான் ஊருக்கு டொக்குத்தர். நிரப்பினதும் ஒரு நீளக் கடுதாசித் துண்டைப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்தலின் பக்கத்தில் ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு பல்லு. கலவை அந்தப் பல்லுக்கு இறங்கும்வரை குடித்தால் சரி. எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

இந்த ஏற்பாட்டில் போத்தல் கழுவுகிறவருக்கு என்ன மரியாதை இருக்க முடியும்? வேறு ஊரில் இராது. எங்கள் ஊரில் டொக்குத்தரிடம் போக முன்னம் கிணற்றடிக்குப் போகிறவர்கள்தான் கூடுதல். ஊர் முழுக்க அவரைப் 'போத்தலக்கா' என்றது. வயது முப்பத்தைந்து இருக்கும். கைவிரல் நுனியெல்லாம் எப்போதும் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெள்ளையாய் இருக்கும். யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் ஒன்றுதான்: "வெறும் போத்தலைக் கொண்டு வாங்கோ, பிறகு கதைப்பம்."

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை இப்போதே சொல்லிவிட்டால் பிறகு ஒளிக்கத் தேவையில்லை. நல்ல தரமான பொறாமை.

ஒருநாள் கந்தப்பர் இருமலுக்குத் திரும்ப மருந்தெடுக்க வந்தார். எழுபது வயது, எங்கள் வயலுக்கு இரண்டு வயல் தள்ளி. நானும் ஏதோ அலுவலாய் அங்கே நின்றேன்.

"முந்தித் தந்ததை முழுக்கக் குடிச்சனீங்களோ அப்பு?" என்று போத்தலக்கா கேட்டார்.

"ஓம் பிள்ளை. ஒரு சொட்டு விடேல்லை."

அவர் போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தார். "பொய். குடிச்ச போத்தலெண்டால் பல்லுக்குப் பல்லு வளையம் காஞ்சிருக்கும். இது ஒரேயடியாக் கவிட்ட போத்தல். எங்கை ஊத்தினீங்கள்?"

கந்தப்பர் நிலத்தைப் பார்த்தார். "முருங்கைக்கு."

"முருங்கைக்கு இருமலோ?"

கிணற்றடியே சிரித்தது. கந்தப்பரும் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. வளையம் காய்கிற விசயம் எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நான் யார்? யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்து எச்.எஸ்.சி. பாஸ் பண்ணினவன். இரசாயனம் படித்தவன். வரப்போகிற உத்தியோகக் கடுதாசிக்காக வீட்டில் காத்திருந்த நேரத்தில், ஒரு பழைய டைப்ரைட்டரை வைத்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் அடித்துக் கொடுத்தவன். அவர் ஐந்தாம் வகுப்பு. ஆனால் சனம் என்னிடம் காணிக் கந்தோருக்குக் கடுதாசி அடிக்க மட்டும்தான் வரும். உடம்பைப் பற்றி, வீட்டைப் பற்றி, பயத்தைப் பற்றி எல்லாம் கிணற்றடியில்தான் கதை.

என் ஐயாவும் அதில் அடக்கம். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அறுபத்தாறு வயது. காடு வெட்டி வயலாக்கக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து இறங்கின ஆள். யானைக்குப் பயப்படாதவர். என்னோடு ஒருநாளில் பத்துச் சொல்லுக்கு மேல் கதைக்க மாட்டார். கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் இருப்பார்.

ஐயாவுக்கு நெஞ்சில் பலவீனம். வவுனியாவில் ஒரு பெரிய டொக்குத்தர் பார்த்து, துண்டில் மூன்று மருந்து எழுதியிருந்தார். நெஞ்சுக்கு ஒரு சின்ன வெள்ளைக் குளிசை, தினமும் ஒன்று. உடம்பில் தேங்கும் தண்ணீரை இறக்க இன்னொரு குளிசை. மூன்றாவது ஒரு பெரிய போத்தலில் வருகிற சீமைச் சத்துமருந்து. இந்த மூன்றும் எங்கள் டிஸ்பென்சரியில் இல்லை. வவுனியாவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கடையில் வாங்க வேண்டும்.

ஊரில் இப்படி முப்பது நாற்பது கிழவன் கிழவிகள். அவர்களுக்காகத்தான் அந்த வருசம் மருந்துச் சீட்டு வந்தது, ஏலச்சீட்டுப் போல முன்கூட்டியே கட்டிவைத்து மருந்து எடுக்கிற ஏற்பாடு. அறுபது வயதுக்கு மேல் என்றால் சேரலாம். அறுவடை முடிந்து சூடு அடிக்கிற மாசியில் திறந்து, சித்திரை வருசப்பிறப்போடு மூடிவிடுவார்கள். நெல்லு மூட்டையாகக் கட்டினால் போதும். பிறகு வருசம் முழுக்க, டொக்குத்தரின் துண்டைக் காட்ட மருந்து வரும். நடுவில் மாறவும் ஏலாது. அந்த வருசம் விட்டுவிட்டு அடுத்த வருசம் சேர வந்தால் கூட நெல்லுக் கேட்பார்கள்.

சீட்டு இரண்டு. ஒன்று வவுனியாவில் ஒரு பெரிய மருந்துக்கடை விட்டது. இரண்டு மூட்டை. அச்சடித்த பட்டியல், இங்கிலீசில், முழ நீளம். மற்றது எங்கள் ஊர்ச் சங்கக்கடை, கூட்டுறவுச் சங்கத்தின் கடை, விட்டது. ஒரு மூட்டை. பட்டியல் ஒரு கொப்பித் தாளில் கையெழுத்தில், பத்துப் பதினைந்து மருந்து. எதில் சேருவது என்று ஊர் தலையைப் பிய்த்தது.

இதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? கடவுளே பார்த்து அனுப்பின வேலை. இரண்டு பட்டியலையும் வாங்கி வந்து ஒரு இரவு பகலாக இருந்து அட்டவணை அடித்தேன். இடப்பக்கம் மருந்தின் பெயர், நடுவில் வவுனியா, வலப்பக்கம் சங்கம். இருந்தால் சரி அடையாளம், இல்லாவிட்டால் கோடு. கார்பன் வைத்து ஐந்து பிரதி. சந்தையடியில் மேசை போட்டு இருந்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் நேரம் கேட்க.

மற்றவர்கள் எல்லாரும் எங்கே? கிணற்றடியில். டிஸ்பென்சரி விறாந்தையில் ஒரு நீள வாங்கு. அதில் வரிசையாய்க் கிழவன் கிழவிகள், மடியில் போத்தல்கள், குளிசை சுற்றின காகிதங்கள், நெருப்புப்பெட்டிகள். மத்தியானம் டொக்குத்தர் சாப்பிடப் போன பிறகு போத்தலக்கா ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து நடுவில் இருப்பார். சீட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்க மாட்டார். கேட்பதெல்லாம் வேறு.

"ஆச்சி, இது ஆர் உங்களுக்கு ஊத்தித் தாறது?"

"மருமோள்."

"அவள் தாய்வீட்டை போனா?"

"நானே ஊத்துவன். கண் தெரியாது, குத்துமதிப்பு."

"அப்ப உங்களுக்குப் போத்தல் மருந்து சரிவராது. குளிசையாத் தாற சீட்டைப் பாப்பம்."

நான் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு இதைக் கேட்டேன். என் அட்டவணையில் மருமகளுக்குக் கட்டம் இல்லை.

அட்டவணையில் ஒரு பிரதியை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். அவர் கையைத் திரும்பவும் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். அதுவும் எனக்கு எரிச்சல். மரியாதை தெரியாத மனுசியாய் இருந்திருந்தால் எவ்வளவு வசதி.

"நல்ல வடிவா அடிச்சிருக்கிறீர் தம்பி. கோடு ஒண்டும் கோணேல்லை."

"ஐயாவுக்கு வவுனியாச் சீட்டுத்தான் சரி. மூண்டு மருந்தும் அதிலை இருக்கு. சங்கத்திலை ரண்டுதான். சத்துமருந்து இல்லை. பாருங்கோ, கோடு."

"ஓம், பாத்தன். ஐயான்ரை போத்தலுகள் எங்கை?"

"துண்டு இருக்கு. துண்டிலை எல்லாம் இருக்கு."

"துண்டிலை டொக்குத்தர் சொன்னது இருக்கும் தம்பி. போத்தலைக் கொண்டாரும்."

கொண்டுபோகவில்லை. எச்.எஸ்.சி. பாஸ் பண்ணினவன் வெறும் போத்தலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவதா?

மூன்றாம் நாள் ஐயா தானே போனார். எனக்குச் சொல்லாமல். நான் தபால் கந்தோரிலிருந்து வரும்போது, ரோட்டுக்கு மற்றப் பக்கத்தால் கண்டேன். ஐயா அந்த வாங்கில், துணிப்பை மடியில். போத்தலக்கா பெரிய போத்தலை மணந்தார். சிரித்தார். ஐயாவும் சிரித்தார், வெட்கப்பட்டுச் சிரித்தார்! பிறகு போத்தலக்கா ஒரு நெருப்புப்பெட்டியைத் திறந்து உள்ளங்கையில் எதையோ கொட்டினார். சிரிப்பு நின்றது. என்னவோ கேட்டார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார், கணக்குப் பிழைத்த பெடியன் போல. காட்டையே வெட்டி விழுத்தின மனுசன்.

என்னிடம் ஐயா ஒருநாளும் அப்படித் தலை குனிந்ததில்லை. அப்படிச் சிரித்ததும் இல்லை. எனக்கு எது கூடுதலாய்ச் சுட்டது என்று இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் கேட்டேன். "அவா என்னவாம்?"

"சங்கச் சீட்டு எடுக்கட்டாம்."

"ஏனாம்?"

"எனக்கு அதுதான் தோதாம்."

"ஏன் தோது? சத்துமருந்து அதிலை இல்லையெண்டு கோடு போட்டுக் காட்டினன் எல்லோ?"

ஐயா குசினிப் பக்கம் பார்த்தார். அங்கே அம்மா சட்டி கழுவின சத்தம் நின்றுவிட்டது. ஐயா எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் நேரே கிணற்றடிக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான். "என்ரை ஐயான்ரை விசயத்திலை என்ன கண்டனீங்கள்? எனக்குச் சொல்லுங்கோ."

அவர் போத்தல் தேய்க்கிற கையை நிறுத்தவில்லை. "ஐயாட்டைக் கேளும்."

"உங்களிட்டை எல்லோ கேக்கிறன்?"

"அது அவற்ரை போத்தல். ஊரிலை ஆற்ரை போத்தலையும் நான் மற்றாளுக்குச் சொன்னதில்லை. உமக்குச் சொன்னா நாளைக்கு ஆர் எனக்குக் காட்டும்?" பிறகு அடுத்த போத்தலை எடுத்துக்கொண்டு, "ஆனா கேளும் தம்பி. கட்டாயம் கேளும். சீட்டு மூடமுன்னம்" என்றார்.

கேட்டேனா? இல்லை. என் சொந்த ஐயாவைப் பற்றி, வேறு வீட்டு மனுசி சொல்லி நான் கேட்கவா? வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் இருக்க, வவுனியாவுக்குப் போன ஒரு டிராக்டரில் இரண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு போய், வவுனியாச் சீட்டை எடுத்து வந்தேன். ஐயாவுக்கு முன்னால் கையெழுத்துக் கடுதாசியை வைத்தேன். அவர் அதைக் கனநேரம் பார்த்தார். "நீ படிச்சனி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்து வைத்தார்.

வென்றுவிட்டேன். அன்றைக்கு இரண்டு பங்கு சோறு சாப்பிட்டேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்: சித்திரையிலிருந்து புரட்டாதிவரை என் சீட்டு நன்றாய்த்தான் வேலை செய்தது. மாதம் ஒருமுறை வவுனியாவுக்குப் போய் மூன்று மருந்தையும் வாங்கி வருவேன். ஒரு மாத மருந்துக்கு மேல் ஒருமுறையில் தர மாட்டார்கள். வருகிற வழியில் டிஸ்பென்சரியைத் தாண்டும்போது பெரிய போத்தல் தெரியும்படி கடுதாசிப் பையைக் கையில் பிடிப்பேன். போத்தலக்கா கண்டால் தலையாட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஒரு குத்தலும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

பிறகு மாரி வந்தது. அந்த வருசத்து மாரி ஒரு மாரி! கார்த்திகைக் கடைசியில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து வவுனியாப் பஸ் நின்றது. மார்கழி பிறந்தும் ஓடவில்லை. ஐயாவின் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் பாதம், பிறகு கணுக்கால். அமத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பிறகு படுக்க ஏலாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அடுக்கி, சாய்ந்தபடி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்.

"குளிசை முடிஞ்சுதோ?" என்று அம்மாவைக் கேட்டேன். "போன முறை வாங்கினது இவ்வளவு நாளும் காணுமோ?"

அம்மா அழத் தொடங்கினார். அலுமாரிக்கு மேலிருந்து ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்துத் தந்தார். திறந்தேன். உள்ளே அந்தச் சின்ன வெள்ளைக் குளிசைகள், துண்டு துண்டாய். சில பாதி. கூடுதலாய் இருந்தது கால்வாசி.

"பாக்குவெட்டியாலை வெட்டுறவர்" என்றார் அம்மா. "துண்டு கிடைச்ச நாளிலையிருந்து பாதிதான் போடுறார். மாரி வந்தா ரோட்டு அறும், அப்ப வேணும், இப்பவே எல்லாத்தையும் திண்டு முடிக்கிறதோ எண்டு. ஐப்பசி பிறந்தாப் பிறகு கால்வாசி. விதைநெல்லை வைக்கிற மாதிரி எடுத்து வைக்கிறார். நான் சொன்னாக் கேக்கிறாரே? வைச்சதிலை கனக்கக் கூரை ஒழுகிக் கரைஞ்சு போச்சு; மற்றக் குளிசையும் முடிஞ்சுது."

"சத்துமருந்து?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அது அவர் ஒருநாளும் குடிச்சதில்லை. எனக்குத்தான் ஊத்தித் தாறவர். நான் மெலிஞ்சு போனனாம்."

சீட்டுக்கு மேல் சீட்டு வைத்து, கோட்டுக்கு மேல் கோடு போட்டு, நான் எந்த ஒரு மருந்துக்காக வவுனியாவைத் தெரிந்தெடுத்தேனோ, அந்த மருந்து ஐயாவின் தொண்டையால் ஒருநாளும் இறங்கவில்லை. எது இறங்க வேண்டுமோ அது பாக்குவெட்டிக்குப் போயிருந்தது. கிணற்றடியில் இரண்டு நிமிசத்தில் இது இரண்டும் வெளியே வந்திருக்கிறது. ஒன்றுக்குச் சிரித்திருக்கிறார்கள். மற்றதுக்குத் தலை குனிந்திருக்கிறார்.

இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் டிஸ்பென்சரிக்குப் போனேன். நெருப்புப்பெட்டியைத் தலையில் தொப்பிக்குள் வைத்திருந்தேன். போத்தலக்கா விறாந்தையில் நின்று தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து காட்டினேன். கால்வாசித் துண்டுகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. அவருக்குத் தெரிந்தது பாதிமட்டும்தான்.

"கால் வீங்கிட்டுதோ?"

"ஓம்."

"படுக்கிறாரோ, இருக்கிறாரோ?"

"இருக்கிறார்."

ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றேன். 'அப்பவே சொன்னனான் எல்லோ' என்ற ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிக் கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவில்லை. உள்ளே போய் டொக்குத்தரைக் கூட்டி வந்தார். டொக்குத்தர் துண்டையும் குளிசையையும் பார்த்தார்.

"இதிலை முழுசு தினமும் போகவேணும். மற்றக் குளிசையும் விடக்கூடாது. என்னட்டை ரண்டும் இல்லை. சங்கக்கடையிலை இருக்கு."

சங்கக்கடையில் இருந்தது. போத்தலக்காவும் என்னோடு வந்தார். கடைக்காரர் நல்ல மனுசன், ஆனால் பட்டியலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "இது சீட்டுக்காரருக்கு எண்ணி வந்தது அக்கா. அவைக்கு இல்லாமப் போனா நான் எங்கை போறது? ரோட்டும் இல்லை."

"நீர் சொல்லுறதும் சரிதான்" என்றார் போத்தலக்கா. என் பக்கம் திரும்பினார். "வாரும். இந்த ரண்டு குளிசையும் போடுற ஆக்கள் ஊரிலை நாலு பேர்."

எந்த நாலு பேர் என்று எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு வாய்க்கால் வரம்பு, ஒரு பனை, ஒரு படலை என்று நேரே நடந்தார். மழை. படலையில் தான் நின்றுகொண்டு என்னை உள்ளே தள்ளினார். "நீர் கேளும். உம்மடை ஐயா."

முதல் வீடு கந்தப்பர். போர்வையால் மூடிக்கொண்டு இருந்தார். விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற எனக்கு ஒரு வசனம் வரவில்லை.

"ஐயாவுக்கு... குளிசை முடிஞ்சுது. ஒரு கொஞ்சம் தந்தீங்களெண்டால்..."

"ஆர், சந்தையடியிலை மேசை போட்ட பெடியனோ? என்ரை சரி அடையாளம் எந்தப் பக்கம் இருந்ததடா?"

"வலப்பக்கம்" என்றேன்.

கிழவன் சிரிக்கச் சிரிக்க இருமினார். பிறகு பனையோலைப் பெட்டியைத் திறந்து, இரண்டு குளிசையிலும் ஐந்து ஐந்தாய் எண்ணித் தந்தார். "உன்ரை ஐயாவும் நானும் ஒரே நாளிலை இந்தக் காட்டுக்கை இறங்கினனாங்கள். அவன் குளிசை வெட்டுறதை நான் கண்டனான், வெட்டாமல் விழுங்கச் சொல்லு. உனக்கு ஏலாட்டி போத்தல் பிள்ளையைச் சொல்லச் சொல்லு."

அதைக் கேட்டும் எனக்குப் புகைந்தது. அந்த மழையிலும், அந்த நிலையிலும்!

நாலு வீடும் முடிய, நெருப்புப்பெட்டி நிறைந்தது. ஒவ்வொரு படலையிலும் போத்தலக்கா ஒரே வசனம்தான் சொன்னார்: "வெள்ளம் வடிய இந்தத் தம்பி கொண்டந்து திருப்பித் தருவார்." எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஐயா அவரைக் கண்டதும் மூச்சு வாங்கிக்கொண்டே பாக்குவெட்டியைக் காலால் பாய்க்குக் கீழே தள்ளப் பார்த்தார். போத்தலக்கா குனிந்து எடுத்தார். "இது என்னோடை இருக்கட்டும் அப்பு. வெள்ளம் வடியத் தாறன்."

"பாக்கு எப்பிடி வெட்டுறது பிள்ளை?"

"கடியுங்கோ."

ஐயா முழுக் குளிசையை விழுங்கினார். எங்களுக்கு முன்னால். அவர் விழுங்கி முடித்து வாயைத் திறந்து காட்டும்வரை போத்தலக்கா பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து விடிய எழும்பி விழுங்க வைப்பது என் வேலை. முதல் இரண்டு நாளும் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாள் கொஞ்சம் மூச்சு இறங்கியது. ஆறாம் நாள் ஐயா தலையணையை எடுத்து எறிந்துவிட்டு மட்டமாய்ப் படுத்தார். குறட்டைச் சத்தம் கேட்டு அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

எழும்பினதும் கேட்டார்: "போத்தல் பிள்ளை என்னைப் பேசினவாவோ?"

"இல்லை."

"பேசுவா" என்றார். ஒரு பயத்தோடு, ஒரு சந்தோசத்தோடு. எனக்கு ஒருநாளும் கிடைக்காத பயம் அது.

அப்போதுதான் நான் கேட்டேன், பத்து மாதம் பிந்தி. "ஏன் ஐயா எனக்குச் சொல்லேல்லை? வெட்டுறனெண்டு?"

ஐயா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "நீ துண்டைத்தானே கேட்டனி. துண்டைத் தந்தன்."

வெள்ளம் வடிந்ததும் வவுனியாவுக்குப் போய் வாங்கி வந்து, நாலு வீட்டுக்கும் எண்ணிக் கொடுத்தேன். அடுத்த மாசியில் ஐயாவைச் சங்கச் சீட்டுக்கு மாற்றினேன். சந்தையடியில் மேசை போடவில்லை. அம்மாவின் சத்துமருந்தை இனித் தனியாக வாங்குவது என்று முடிவு. பாக்குவெட்டி திரும்பி வந்தது, நன்றாய்த் தேய்த்துக் கழுவி, சுடுதண்ணீர் மணத்தோடு.

அந்த ஆனியில் எனக்கு உத்தியோகம் வந்தது. கொழும்பில் ஒரு கந்தோரில் டைப் அடிக்கிறேன். மூன்று வருசமாக ஐயாவின் கடுதாசிகளில் போத்தல் பிள்ளைக்கு அரைப் பக்கம், எனக்கு ஒரு வரி. 'உன் சுகத்தைக் கவனித்துக்கொள்.' நானும் ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டு மேசை லாச்சியை அடித்துச் சாத்துவேன்.

போன கிழமை வந்த கடுதாசி வேறு மாதிரி. போத்தல் பிள்ளைக்குத் துணுக்காய் டிஸ்பென்சரிக்கு மாற்றமாம். போய்விட்டாராம். கந்தப்பர் பஸ் நிலையம்வரை பெட்டி தூக்கிக்கொண்டு போனாராம். வருகிற மாசிக்கு மூன்றாவதாகவும் ஒரு சீட்டு வருகிறதாம், மலிவாம், எதுவென்று ஒருவருக்கும் விளங்கவில்லையாம். கடைசியில் எழுதியிருந்தார்: 'போத்தலெல்லாம் கழுவாமல் அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். நீ வந்தால் பார்க்கலாம்.'

மூன்று தரம் வாசித்தேன். எவ்வளவு காலமாய் எதிர்பார்த்த வரி! அந்தப் பழைய பொறாமைமட்டும் போகவில்லை. துணுக்காய்க் கிழவர்களை நினைத்தேன். இந்நேரம் ஒரு வாங்கில் வரிசையாய் இருப்பார்கள். முருங்கைக்கு ஊற்றினதை ஒவ்வொருவராய் ஒத்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்துவைத்ததுகள்.

லீவுக்கு விண்ணப்பம் அடித்தேன். காரணம் என்ற இடத்தில் 'தகப்பனாருக்குச் சுகமில்லை' என்று முதலில் அடித்தேன். பிறகு கழற்றிக் கிழித்துவிட்டு, 'தகப்பனாரின் மருந்து விசயமாக' என்று புதிதாய் அடித்தேன்.

அறைக்கு வந்தால், என்னோடு தங்கியிருக்கிற பெடியன் இருமல் மருந்து குடித்து முடித்த போத்தல் யன்னலில் இருந்தது. அவன் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்தேன். கண்ணை மூடினேன். ஒரே ஒரு மூச்சு இழுத்தேன். இருமல் மருந்து மணந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மாசிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது.